மடலாடற்குழுவுக்கு எந்த மின்னஞ்சல் கணக்கு ஏற்றது? ஆறு சேவைகளைப் பயன்படுத்திப் பார்த்த ஒரு மதிப்பீடு

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், நான் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உறுப்பினராக இருக்கும் ஒரு தமிழ் ஆய்வு மடலாடற்குழுவிலிருந்து (ஒருவர் எழுதும் மடலை உறுப்பினர் அனைவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் குழு) ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஒரு மடலும் வரவில்லை. கல்லூரி விடுமுறை, யாரும் எழுதவில்லை போலும் என்றே நினைத்திருந்தேன். ஒரு கல்வெட்டு வாசிப்பைப் பற்றி நான் எழுதியிருந்ததை மறுத்து மூன்று பேர் விரிவாக எழுதியிருந்தும் நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்ட பிறகுதான், குழுவின் சர்வர் என்னை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்பது தெரியவந்தது. நான் அதுவரை வைத்திருந்த கணக்கை வழங்கிய நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். ஆனால் அந்த ஐந்து வார உரையாடலை இழந்ததன் வருத்தம்தான், மடலாடற்குழுக்களுக்கென்றே ஒரு கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது. அதற்காக ஆறு சேவைகளை எட்டு மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தேன்.

சேவைகளைப் பற்றிச் சொல்லும் முன், நான் நீக்கப்பட்டது எப்படி என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் அது தெரியாமல் எந்தக் கணக்கையும் மதிப்பிட முடியாது. பல குழுக்கள் மெயில்மேன் என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. குழுவிலிருந்து புறப்பட்ட மடலை உங்கள் மின்னஞ்சல் நிறுவனம் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினால், மெயில்மேன் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி போடுகிறது. தற்காலிக மறுப்புக்கு அரைப் புள்ளி. ஒரு நாளில் எத்தனை மடல்கள் திரும்பினாலும் ஒரு முறைதான் கணக்கு. இடையில் ஏழு நாட்கள் எதுவும் திரும்பாவிட்டால் பழைய கணக்கு அழிந்துவிடும். நிர்வாகி எதையும் மாற்றாமல் விட்டிருந்தால், புள்ளி ஐந்தை எட்டியதும் உங்களுக்கு மடல் அனுப்புவது நிறுத்தப்படும். பிறகு வாரத்துக்கு ஒன்றாக மூன்று எச்சரிக்கைகள் வரும், அவற்றுக்கும் பதில் இல்லையென்றால் பெயர் நீக்கப்படும். எனக்கும் மூன்று எச்சரிக்கைகள் வந்திருந்தன. மூன்றும் ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்தன, நான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும் வழக்கமே இல்லாதவன்.

இனி, ஒரு நல்ல குழுவின் நேர்மையான மடலை ஒரு நிறுவனம் ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்? காரணம் 2014 ஏப்ரலில் தொடங்குகிறது. அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போட்டு மடல் அனுப்புவோரைத் தடுப்பதற்காக, யாஹூ நிறுவனம் அந்த மாதம் டிமார்க் என்ற சரிபார்ப்பு முறையில் மிகக் கடுமையான கொள்கையை அறிவித்தது. யாஹூ முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்லும் மடல் சோதனையில் தேறாவிட்டால் மறுத்துவிடுங்கள் என்று உலகில் உள்ள எல்லாச் சர்வர்களுக்கும் அது கூறியது. அதே மாதத்தில் ஏ.ஓ.எல். நிறுவனமும் பின்தொடர்ந்தது. மடலாடற்குழுவின் இயல்பே இந்தச் சோதனைக்கு எதிரானது. குழு மடலை வாங்கி, பொருள் வரியின் முன்னால் குழுவின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்து, அடியில் இரண்டு வரிகளை ஒட்டி, தன் சொந்தச் சர்வரிலிருந்து அனுப்புகிறது. மடலின் உடலில் ஓர் எழுத்து மாறினாலும் டிகிம் என்ற மின்னணு முத்திரை உடைந்துபோகும். அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப். என்ற மற்றொரு சோதனை குழுவின் சர்வரைச் சரியென்று ஏற்றாலும், எழுதியவரின் டொமைனோடு (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) அது பொருந்தாது. ஆகவே யாஹூ முகவரியில் ஒருவர் எழுத, அந்த மடலை மற்ற நிறுவனங்கள் மறுக்க, எழுதியவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லாமல், பெறவேண்டியவர்களின் பெயரில் புள்ளிகள் ஏறின. ஐந்து வெவ்வேறு நாட்களில் ஐந்து மடல்கள் போதும், ஒரு தவறும் செய்யாத நூறு பேரின் சந்தா நின்றுவிடும்.

மெயில்மேனின் பின்னைய பதிப்புகள் இதற்கு ஒரு வழி கண்டன. அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியைப் போட்டு, இன்னார் குழு வழியாக என்று பெயரை மட்டும் காட்டுகின்றன. இடையில் உள்ள சர்வர் தான் கண்ட சோதனை முடிவுகளை மடலோடு சேர்த்து அனுப்பும் ஏ.ஆர்.சி. என்ற மற்றொரு முறையும் 2019இல் ஆவணமாக வெளிவந்தது. இருந்தாலும் நிர்வாகி அந்த அமைப்பை இயக்கியிருக்க வேண்டும். பத்து ஆண்டுகளாக யாரும் தொடாத சர்வரில் இயங்கும் குழுக்கள் நம்மிடையே உண்டு, அவற்றில்தான் மிக அருமையான உரையாடல்களும் நடக்கின்றன.

ஆகவே நான் ஒவ்வொரு சேவையிலும் பார்த்தவை இவைதான்: குழு மடல் உள்ளே வருகிறதா, வராவிட்டால் அது எனக்குத் தெரிய வழி இருக்கிறதா, எப்போதாவது நான் வெளியேற நினைத்தால் மடல்களை எடுத்துச் செல்ல முடிகிறதா. எத்தனை ஜி.பி. இடம் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சாதாரணக் குழு மடலுக்குப் பத்து கே.பி. என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் மடல்கள் ஒரு ஜி.பி.க்குள் அடங்கிவிடும்.

பெரும்பாலானவர்கள் முதலில் நினைப்பது ஜிமெயிலைத்தான், நானும் அதிலிருந்தே தொடங்கினேன். குழு மடல்களைப் பிரித்தெடுப்பதில் அதன் வடிகட்டி மிகச் சிறந்தது. ஒவ்வொரு குழு மடலின் தலைப்பகுதியிலும் அந்தக் குழுவுக்கே உரிய ஓர் அடையாளம் இருக்கும், 2001இல் வந்த ஆர்.எஃப்.சி. 2919 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்த முறை அது. ஜிமெயில் அந்த அடையாளத்தைக் கொண்டே தேடவும் வடிகட்டவும் இடம் தருகிறது. பொருள் வரியில் உள்ள குழுவின் பெயரை நம்பி வடிகட்டியைப் போடுவதைவிட இது பலமடங்கு உறுதியானது. அதே வடிகட்டியில், இம்மடல்களை ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே என்ற தெரிவையும் இட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மடலின் மூல வடிவத்தைத் திறந்தால், மேலே சொன்ன மூன்று சோதனைகளிலும் அது தேறியதா இல்லையா என்பதை மேற்பகுதியிலேயே தெளிவாகக் காட்டுகிறது. சிக்கல் எங்கே என்று தேடுபவருக்கு இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை.

ஆனால் ஜிமெயிலில் குழு உறுப்பினரைக் குழப்பும் ஓர் இயல்பு உண்டு. நீங்கள் குழுவுக்கு எழுதிய மடலைக் குழு உங்களுக்கே திருப்பி அனுப்பும்போது, அனுப்பிய பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் அதே மடல் என்று கருதி, அந்தப் பிரதியை ஜிமெயில் உள்பெட்டியில் காட்டுவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் மடல் போகவில்லை என்று எண்ணி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். மெயில்மேனில் உங்கள் உறுப்பினர் பக்கத்தில், மடல் கிடைத்ததும் ஒப்புகை அனுப்பு என்ற தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் ஐயம் இருக்காது. அடுத்தது உரையாடல் காட்சி. கிளை கிளையாகப் பிரியும் விவாதத்தை அது ஒரே வரிசையாக அடுக்கிவிடுகிறது, நூறு மடல்களைத் தாண்டினால் இரண்டாக உடைக்கிறது, யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது மறைந்துபோகிறது. நான் அதை நிறுத்திவிட்டு, தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில், மடல்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்க உதவும் ஐமேப் முறை வழியாகவே படிக்கிறேன். அதில் விவாதம் மரமாக விரிகிறது, குழுவுக்கு மட்டும் பதில் எழுதும் பொத்தானும் இருக்கிறது.

ஜிமெயிலின் 15 ஜி.பி. இடம் படங்களோடும் கோப்புகளோடும் பகிரப்படுவது என்பதையும் மறக்கக் கூடாது. தொலைபேசியில் எடுத்த காணொளிகள் அந்த இடத்தை நிரப்பிவிட்டால் புதிய மடல்கள் ஏற்கப்படமாட்டா. அவை திரும்பிச் செல்லும், குழுவின் சர்வரில் உங்கள் பெயருக்குப் புள்ளிகள் ஏறும். குழுக்களுக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கை வைத்துக்கொண்டு, அதைத் தொலைபேசியின் படச் சேமிப்போடு இணைக்காமல் விடுவதே இதற்கு வழி. அப்படித் தனியாக வைத்த கணக்கை இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டாலும் ஆபத்துதான். செயல்படாத கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது.

எழுதும் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், தமிழில் எழுதுபவர்களுக்கு இது மிகவும் முக்கியம். மெயில்மேன் குழு ஒன்றில் நிர்வாகி மாற்றாவிட்டால் ஒரு மடலின் உச்ச அளவு 40 கே.பி. அதைத் தாண்டிய மடல் நிர்வாகியின் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடக்கும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 40 கே.பி. என்பது சிறு நூலின் அத்தியாயம். தமிழில் அப்படியல்ல. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட், பயணத்துக்காக பேஸ்64 முறையில் மாற்றும்போது அது நான்காகிறது. நன்றி என்ற சிறிய சொல்லில் ஐந்து குறியீடுகள், ஆகவே இருபது பைட். வேறொரு மாற்று முறையில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக விரிவதால் அதே சொல் நாற்பத்தைந்து ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏறத்தாழ ஆயிரம் தமிழ்ச் சொற்களில் அந்த 40 கே.பி. தீர்ந்துவிடுகிறது. வண்ணங்களோடும் எழுத்துருக்களோடும் அனுப்பினால், வெறும் உரைப் பிரதி ஒன்றும் ஹெச்.டி.எம்.எல். பிரதி ஒன்றுமாக அதே கட்டுரை இரண்டு முறை போகிறது, வரம்பு பாதியாகிறது. கீழே பழைய மடல்கள் அனைத்தையும் மேற்கோளாகத் தொங்கவிட்டால் நான்கு வரி பதிலே தடுக்கப்படலாம். என் கட்டுரை வேண்டுமென்றே நிறுத்திவைக்கப்பட்டது என்று நிர்வாகிகளோடு வருத்தப்பட்டுப் பேசிய தமிழறிஞர்களை எனக்குத் தெரியும். பல நேரங்களில் அதற்குக் காரணம் இந்தக் கணக்கு மட்டுமே. வெறும் உரையில் எழுதுங்கள், பதில் சொல்லும் வரிகளை மட்டும் மேற்கோளாக விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை உருவாக்குவோரின் குழுக்களைப் போன்ற சில இடங்களில் ஹெச்.டி.எம்.எல். மடல் அறவே ஏற்கப்படுவதில்லை. அங்கே நிரல் திருத்தம் அனுப்ப விரும்புபவர், ஜிமெயிலின் வலை முகப்பு அதற்கு ஏற்றதல்ல என்று கர்னலின் ஆவணமே சொல்வதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

அவுட்லுக் கணக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. 2024 செப்டம்பர் 16 முதல் தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு ஐமேப் வழியாக நுழைய முடியாது, ஓஆத் என்ற புதிய முறை வேண்டும். புதிய தண்டர்பேர்டில் அது தடையின்றி வேலை செய்கிறது. பழைய மென்பொருளில் பிடிவாதமாக இருப்பவர்களுக்குத்தான் கதவு மூடிவிட்டது. ஜிமெயிலில் இதே கட்டுப்பாடு 2022 மே 30 அன்றே வந்தாலும், இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியவர்கள் செயலிக்கென்று ஒரு தனிக் கடவுச்சொல் உருவாக்கிக்கொள்ள அங்கு இன்றும் வழி உண்டு. கடவுச்சொல் சரியாக இருந்தும் தண்டர்பேர்டு உள்ளே விடவில்லை என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

யாஹூவைக் குழுவில் எழுதும் முகவரியாக நான் பரிந்துரைக்கமாட்டேன். 2014இல் அறிவித்த கொள்கை இன்றும் தொடர்வதால், பழைய சர்வரில் இயங்கும் குழுவில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு மடலும் மற்ற உறுப்பினர்களுக்குத் தீங்காக முடியலாம். வேறு கணக்குக்கு மடல்களைத் தானாகத் திருப்பிவிடும் வசதியையும் 2021 ஜனவரியிலிருந்து இலவசக் கணக்குகளில் நிறுத்திவிட்டார்கள். ஓராண்டு நுழையாமல் இருந்தால் பெட்டி காலியாகிவிடும்.

புரோட்டான் மெயிலை நான் மிகுந்த மதிப்போடு அணுகினேன். 2014இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய அந்தச் சேவை தனிநபர் உரிமையைக் காப்பதில் காட்டும் அக்கறை உண்மையானது. ஆனாலும் மடலாடற்குழுவுக்கு அது பொருந்தவில்லை. ஐமேப் வேண்டுமானால் பிரிட்ஜ் என்ற துணை மென்பொருள் தேவை, அது கட்டணத் திட்டத்தில் மட்டுமே கிடைக்கும். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 150 மடல்கள்தாம் அனுப்ப முடியும் என்பது குழு உறுப்பினருக்குத் தடையல்ல. தடை வேறிடத்தில் இருக்கிறது. பெறுநரின் குறியாக்கச் சாவி பொதுவெளியில் கிடைத்தால், புரோட்டான் தானாகவே மடலைப் பூட்டி அனுப்புகிறது. குழுவோடு சேர்த்து ஒரு தனிநபருக்கும் பிரதி போட்டு எழுதும் வழக்கமுள்ள இடங்களில் அவருக்கு மட்டும் பூட்டிய மடல் போய்ச் சேர்கிறது. கர்னல் குழுக்களில் இது உண்மையான தொல்லையாகி, அவர்களுடைய ஆவணத்தில் எச்சரிக்கையாகவே பதிவாகியிருக்கிறது. பொதுவெளியில் படிக்கப்படவே எழுதும் மடலுக்குப் பூட்டு எதற்கு என்பது என் எண்ணம்.

சோகோ மெயில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் படைப்பு என்பதால், அது இந்த ஒப்பீட்டில் வெல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. விளம்பரம் இல்லாத தூய்மையான முகப்பு, சொந்த டொமைனை இணைப்பதற்கு எளிய வழிகாட்டல், நன்றாக வேலை செய்யும் வடிகட்டிகள் ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சொந்த டொமைனுக்கான இலவசத் திட்டத்தில் ஐமேப்பும் இல்லை, மடல்களை இறக்கிக்கொள்ளும் பாப் முறையும் இல்லை. வலை முகப்பிலும் அவர்களுடைய செயலியிலும் மட்டுமே படிக்க வேண்டும். தண்டர்பேர்டில் மரக்காட்சியாகப் படித்துப் பழகியவருக்கு இது பெரிய இழப்பு. கட்டணத் திட்டத்துக்குப் போனால் அந்தக் குறை நீங்கிவிடுகிறது. சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் அப்படிச் செய்யலாம்.

ஃபாஸ்ட்மெயில் 1999இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய சேவை. இலவசத் திட்டம் கிடையாது, முப்பது நாள் வெள்ளோட்டம் மட்டும் உண்டு. மடலாடற்குழுக்களை நன்கு அறிந்தவர்கள் அதை உருவாக்கியிருக்கிறார்கள் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. ஒரு குழு மடலைத் திறந்து விதி உருவாக்கு என்றால், குழுவின் அடையாளத்தைத் தானே எடுத்துத் தருகிறது. அதற்கும் மேலே செல்ல விரும்புபவர்கள் சீவ் என்ற வடிகட்டி மொழியில் தாங்களே எழுதலாம். என்னை முழுமையாகக் கவர்ந்தது அதன் முகவரி முறை. உங்கள் பெயரையே துணை டொமைனாக வைத்து, அதன் முன்னால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெயரைப் போட்டு முகவரிகளை உருவாக்கிக்கொள்ளலாம், அந்த முகவரிகளிலிருந்தே எழுதவும் செய்யலாம். பணம் கட்டுவதை நிறுத்தினால் கணக்கும் நின்றுபோகும் என்பதுதான் இதன் ஒரே குறை. ஓய்வூதியத்தில் வாழும் பலருக்கு அது சிறிய குறையல்ல.

எந்தக் கணக்கை எடுத்தாலும் சில சிக்கல்கள் பொதுவானவை. ஜிமெயில் பெயரோடு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக் குழுவில் சேர்ந்தவர்கள், எழுதும்போது சாதாரண முகவரியிலிருந்து எழுதுவார்கள். குழு அவர்களை உறுப்பினர் அல்லாதவர் என்று கருதி மடலை நிறுத்திவைக்கும். அமைப்புகளில் அந்தக் கூட்டல் குறி முகவரியையும் அனுப்புநர் முகவரியாகச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று, குழுவோடு உங்கள் முகவரிக்கும் நேரடியாகப் பிரதி போட்டு ஒருவர் பதில் எழுதினால், உங்களுக்கு ஒரே மடல் இரண்டு முறை வரக் கூடாது என்று மெயில்மேன் குழுப் பிரதியை அனுப்பாமல் விட்டுவிடுகிறது. நேரடிப் பிரதியில் குழுவின் அடையாளம் இருக்காது, ஆகவே வடிகட்டி அதைப் பிடிக்காது. சில பதில்கள் மட்டும் ஏன் குழுக் கோப்புறைக்குப் போகாமல் உள்பெட்டியில் நிற்கின்றன என்ற கேள்விக்கு விடை இதுதான். உறுப்பினர் பக்கத்தில் இரட்டைப் பிரதி தவிர்ப்பை நிறுத்திவிடுங்கள். ஒரு நாளின் மடல்களை ஒரே மடலில் நாள்தொகுப்பாகப் பெறுபவர்கள் அதற்கு அப்படியே பதில் எழுதினால், தொகுப்பின் எண்ணே பொருள் வரியாகி விவாதத்தின் இழை அறுந்துபோகும். விவாதத்தில் பங்கெடுக்க நினைப்பவர் தனித்தனி மடலாகப் பெறுவதே நல்லது.

குழு மடலை ஸ்பேம் என்று குறிக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் அந்தக் குறியைக் குழுவை நடத்தும் இடத்துக்கே புகாராக அனுப்புகின்றன. குரூப்ஸ்.ஐஓ போன்ற தளங்களில் அப்படிப் புகார் வந்தவுடன் உங்கள் உறுப்பினர் நிலை தானாக நீங்கிவிடும், மற்ற உறுப்பினர்களின் மடல்களும் ஐயத்துக்குள்ளாகும்.

மடல்களை எடுத்துச் செல்வது பற்றிக் கடைசியாக ஒன்று. மரத்தடி போன்ற தமிழ்க் குழுக்கள் ஒரு காலத்தில் யாஹூ குழுமங்களில் இயங்கின. 2019 அக்டோபரில் அந்தத் தளத்தில் புதிதாக எதையும் ஏற்றுவது நிறுத்தப்பட்டது, 2020 டிசம்பர் 15 அன்று அந்தச் சேவையே மூடப்பட்டது. யார் தங்கள் பெட்டியில் மடல்களை அழிக்காமல் வைத்திருந்தார்களோ அவர்களிடம்தான் அந்த உரையாடல்களின் பெரும்பகுதி இன்று இருக்கக்கூடும். இன்று மின்தமிழ் போன்ற குழுக்கள் கூகுள் குழுமங்களில் இருக்கின்றன, நம் கையில் இருக்கும் பிரதிக்கு ஈடு எங்கும் இல்லை. ஜிமெயிலில் டேக்அவுட் வசதி எல்லா மடல்களையும் எம்பாக்ஸ் என்ற மடல் சேமிப்பு வடிவக் கோப்பாகத் தருகிறது. ஐமேப் உள்ள எந்தக் கணக்கிலிருந்தும் தண்டர்பேர்டின் உள்ளூர்க் கோப்புறைக்கு மடல்களை இழுத்துப் போடலாம்.

என் முடிவு இது. பணம் செலுத்த முடிந்தவர்களுக்கு ஃபாஸ்ட்மெயில். மற்றவர்களுக்குக் குழுக்களுக்கென்று தனியாகத் தொடங்கிய ஜிமெயில் கணக்கும் தண்டர்பேர்டும். நான் முதலாவதுக்கு மாறிவிட்டேன். மாறும்போது பழைய கணக்கிலிருந்து மடல்களைத் திருப்பிவிடும் குறுக்கு வழியில் போகவில்லை, ஏனெனில் அப்படித் திருப்பிவிடும்போது எஸ்.பி.எஃப். சோதனை உடைகிறது. ஒவ்வொரு குழுவிலும் புதிய முகவரியில் புதிதாகச் சேர்ந்து, உறுதிப்படுத்தும் மடலுக்குப் பதில் அனுப்பி, ஒரு மாதம் இரண்டு முகவரிகளிலும் பெற்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழையதை மடல் வேண்டாம் என்ற நிலைக்கு மாற்றினேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். அந்தக் கல்வெட்டு வாசிப்பைப் பற்றிய மூன்று மறுப்புகளுக்கும் குழுவின் காப்பகத்திலிருந்து எடுத்துப் படித்து, தை மாதத்தில் பதில் எழுதினேன்.